லிப்டுக்குப் பதில் வந்த பச்சோந்தி

பழுது பார்க்கப் போன லிப்டுக்குப் பதிலாக ஒரு பச்சோந்தியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். லிப்ட் திரும்பி வரும்வரை அதை வைத்துக்கொள்ள வேண்டியது. திருச்சி தில்லை நகரில் இருந்த அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் யாருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. பச்சோந்தி சத்தம் போடவில்லை. மின்சாரமும் கேட்கவில்லை. லிப்ட் குழிக்கு வலை அடித்துக் கூண்டாக்கி, அதை உள்ளே விட்டார்கள்.

ஆனால் அது ஏறவில்லை. தரையிலேயே கிடந்தது. உடம்பு கருத்துப்போயிற்று. வெட்டுக்கிளியைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டது.

லிப்ட் கம்பெனி ஆள் வந்து பார்த்தார்.

"மேல் மாடி வரைக்கும் ஏறலைன்னா திருப்பி எடுத்துக்குவோம். குழியையும் செங்கல் வச்சு மூடிடுவோம்."

"எப்ப?"

"டீ குடிச்சிட்டு வந்ததும்."

எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தார். அவர் நிதானமாகக் குடிப்பவர். போன முறை அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்து காலாண்டுப் பரீட்சையும் முடிந்திருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம் இரண்டாம் மாடிக்குப் போய் தமயந்தியின் கதவைத் தட்டினார்.

"மேடம், உங்களுக்குப் பச்சோந்தி பத்தித் தெரியுமா?"

"தெரியும்."

"வளத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படி?"

"தெரியும்னா தெரியும் சார். அது ஏறணும்னா கிளை வேணும். வெறும் சுவத்துல அது எதைப் பிடிச்சு ஏறும்?"

தமயந்தி அப்படித்தான். எதிலும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. அவளுடைய அக்கா சுலோச்சனா ஐந்தாம் மாடியில் இருந்தாள். சுலோச்சனாவின் மகள் கல்யாணத்தில், பந்தியில் முதலில் ரசம்தான் வர வேண்டும், சாம்பார் பிறகு வரட்டும் என்று தமயந்தி சமையல்காரரிடம் சொல்லிவிட்டாள். அக்காவிடம் கேட்கவில்லை. அந்த வாரமே நான்காம் மாடிக்கு மேல் படிகள் நீள ஆரம்பித்தன. சுலோச்சனா வீட்டுக்குப் புறப்பட்ட பால்காரர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். அவ்வப்போது கையசைப்பார். லிப்ட் குழியையும் மூடிவிட்டால் அக்காவை அடைய வேறு வழி இல்லை. தமயந்தி இதை யாரிடமும் சொல்லவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளை வெட்டப் போனாள்.

கொய்யாக் கிளைகளைத் தேர்ந்தெடுத்தாள். அரளியைத் தொடவில்லை, அதன் பால் விஷம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒவ்வொரு கிளையையும் அளந்தாள். பச்சோந்தியின் பாதம் கிளையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ரொம்பத் தடித்தால் வழுக்கும், ரொம்ப மெலிந்தால் வளையும். எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவிக் காய வைத்தாள்.

பிறகு குழிக்குள் இறங்கிக் கட்டத் தொடங்கினாள். ஒன்றைச் சரிவாகக் கட்டினாள், ஒன்றைப் படுக்கையாகக் கட்டினாள். குளிர் காயக் குண்டு பல்பின் கீழ் ஒரு கிளை. சூடு அதிகமானால் ஒதுங்க மணி பிளான்ட் இலைகள். கிளைக்கும் கிளைக்கும் நடுவே கொடிகளை முறுக்கி இழுத்தாள். எந்தக் கிளையும் பாதியில் நின்றுவிடக் கூடாது. போன வழியே திரும்ப வேண்டியிருந்தால் பச்சோந்திக்கு மனசு விட்டுப்போகும்.

முதல் மாடியில் ஒரு கிளை குறைந்தது. ஞானப்பிரகாசம் தன் வீட்டு வாசலில் நின்று வலைக்குள் கையை நீட்டினார்.

"இதைக் கட்டிக்குங்க மேடம். நான் இங்கதான் இருப்பேன்."

தமயந்தி விரலை வளைத்து அவர் கையை அளந்தாள். சரியான தடிமன். கட்டினாள்.

பச்சோந்தி ஒரு கண்ணைத் திறந்தது. கிளையைப் பிடித்தது. மெல்ல ஏறி அவர் கைமேல் வந்து நின்று, அவர் சட்டையின் நீலக் கட்டங்களை எடுத்துக்கொண்டது. சட்டை வெளுத்துப்போயிற்று.

"பரவால்ல. பழைய சட்டைதான்," என்றார் ஞானப்பிரகாசம்.

இரண்டாம் மாடி வந்தது. மூன்று, நான்கு. தமயந்தி கட்டக் கட்டப் பச்சோந்தி பின்னாலேயே ஏறியது. இலைகளுக்கு நடுவே வந்ததும் முதல் முறையாகப் பச்சையானது. இலை நுனியில் நின்ற நீரை நக்கியது.

கடைசிக் கிளையில் உட்கார்ந்து தமயந்தி நிமிர்ந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ஐந்தாம் மாடித் திறப்பு. அங்கே சுலோச்சனா நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"அக்கா, இந்தக் கொடியோட நுனியப் பிடி. அந்தக் கம்பியில ரெண்டு சுத்து சுத்திக் கட்டு."

"ரசத்தை முதல்ல போடச் சொன்னவதான நீ?"

"ஆமா."

"அன்னிக்குப் பந்தியில என்ன நடந்துச்சு தெரியுமா?"

"தெரியும்."

குழி ஒரு முழம் நீண்டது. கொடி எட்டவில்லை.

"நல்லாத்தானே சாப்பிட்டாங்க. தெரியும்க்கா எனக்கு."

இன்னொரு முழம் நீண்டது. சுலோச்சனாவின் முகம் சின்னதாகிவிட்டது. கீழேயிருந்து ஞானப்பிரகாசம் கத்தினார்.

"மேடம்! கம்பெனி ஆளு கிளாஸைக் கவுத்துட்டாரு! கடைசிச் சொட்டு!"

தமயந்தியிடம் பதில் தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். அதை விழுங்கினாள்.

"தெரியலக்கா. என்ன நடந்துச்சு?"

சுலோச்சனா பூண்டைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாதியில எந்திரிச்சுட்டாங்க. ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுக் கெஞ்சி உக்கார வச்சேன். நீ அந்தப் பக்கம் தாம்பூலம் குடுத்துட்டு இருந்த."

"எனக்கு யாரும் சொல்லலக்கா."

"நீ எங்க கேட்ட?"

தமயந்தி கொடியின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதை எங்க கட்டலாம்?"

சுலோச்சனா அவளை உற்றுப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். நன்றாக யோசித்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே குழி சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது.

"சமையக்கட்டு ஜன்னல்ல."

அது தப்பான இடம். தாளிக்கும் நெடியும் புகையும் பச்சோந்திக்கு ஆகாது. தமயந்தி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நுனியை நீட்டினாள். சுலோச்சனா அதை வாங்கி, பள்ளிக்கூடப் பெண்ணின் ரிப்பனைப்போல ஜன்னல் கொக்கியில் பூ முடிச்சுப் போட்டாள். முடிச்சு தாங்கியது.

பச்சோந்தி தமயந்தியின் தோள்மேல் ஏறிக் கொடிக்குப் போனது. ஓர் அடி வைத்தது. காற்றில் இலை ஆடுவதுபோல ஆடியது. அடியைப் பின்னால் எடுத்தது. மறுபடி வைத்தது. அப்படியே ஜன்னலுக்குள் போய் மறைந்தது. உள்ளே நாக்கு நீண்டு சுருங்கும் சத்தம் கேட்டது.

"வெல்லத்துல ஈ மொய்ச்சுது. பிடிச்சிருச்சு," என்றாள் சுலோச்சனா.

கீழே கம்பெனி ஆள் அண்ணாந்து பார்த்தார். "ஏறிடுச்சு," என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ குடிக்கப் போனார்.

"நீயும் வா," என்றாள் சுலோச்சனா.

"கதவு எந்தப் பக்கம்க்கா?"

"இன்னிக்குக் கதவு வைக்கல. இப்படியே வந்துடு."

தமயந்தி செருப்பைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள். கால் விரல்களைப் பிரித்துக் கொடியைச் சுற்றிப் பிடித்தாள். நன்றாகப் பிடித்தது. ஓர் அடி வைத்தாள். கொஞ்சம் ஆடினாள். அடியைப் பின்னால் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அவசரம் இல்ல. மெதுவா வா," என்றாள் அக்கா.

"சரிக்கா," என்றாள் தமயந்தி.