கடைசி ஆளின் படம்

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ் என்பார்கள். எபநேசரின் ஆபீஸுக்கு மேலே தகரம், கீழே சாணி மெழுகிய தரை, நடுவில் இருபத்திரண்டு பெண்கள். மேஜை, நாற்காலி ஒன்றும் கிடையாது. இருந்தாலும் ஆபீஸ் ஆபீஸ்தான்.

அதற்கு முன்னால் மூன்று வருடம் அவர் மைத்துனர் தேவஆசீர்வாதத்தின் விறகுக்கடையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. மூன்று வருடமும் ஆடிக்கொண்டே விறகு நிறுத்த மனிதர், இனிமேல் ஆடாத இடத்தில் உட்கார வேண்டும் என்றுதான் சொந்தத் தொழில் தொடங்கினார். தேவஆசீர்வாதம் தங்கமான ஆள். ஞாயிறுதோறும் கோயிலில் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது தவறாமல் விசாரிப்பார்.

"மாப்ள, ஆபீஸ் எப்படி ஓடுது? ஒண்ணும் வெசனப்படாதீங்க. ஸ்டூல அங்கனயேதான் போட்டு வச்சிருக்கேன்."

இதைக் கேட்டால் எபநேசருக்கு அன்று மத்தியானம் கறிச்சோறு இறங்காது.

அறுபத்திரண்டாம் வருடம் தை மாதம் கொல்லத்து வியாபாரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் மூவாயிரம் குரோஸ் பெட்டி வேண்டும்; குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலு. சொன்ன நாளில் வந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார். வராவிட்டால் இனி கடிதம் போட வேண்டாம். பின்குறிப்பாக, எபநேசரின் இரட்டைப்புறா லேபிள் மாதிரி அங்கே ஏற்கெனவே ஆறு புறாக்கள் பறக்கின்றன, வேறு படம் போடவும் என்றிருந்தது.

ஆபீஸ் அப்போது சம்பாதித்ததெல்லாம் மூச்சு விடத்தான் காணும். இந்த ஆர்டர் போனால் ஸ்டூல்தான். அது எபநேசருக்கு நன்றாகத் தெரியும்.

வேலை தேங்குவது கட்டை அடுக்குகிற இடத்தில். மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பள்ளம் வைத்த சட்டத்தில் அடுக்க வேண்டும், அதுதான் கட்டை. இஞ்ஞாசியம்மாள் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கட்டை அடுக்குவாள். மற்றவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று. எல்லோரும் பதினாறைத் தொட்டால் கொல்லம் கிடைக்கும்.

சிறுதொழில் முதலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு எபநேசர் போயிருந்தார். பாதிக்கு மேல் தூங்கிவிட்டாலும் இரண்டு விஷயங்கள் காதில் விழுந்திருந்தன. தொழிலாளிக்குக் காசைவிடக் கௌரவம் பெரிது. முதலாளி தானும் இறங்கி வேலை செய்ய வேண்டும். முதல் விஷயம் அவருக்கு உடனே பிடித்துப்போனது. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் அல்லவா?

மறுநாள் காலையில் அறிவித்தார்.

"இந்த மாசம் ஆரு நெறையக் கட்டை அடுக்குதாங்களோ, அவங்க படத்தைத்தான் லேபிள்ல போடப்போறேன். கலர்ல. கொல்லம் வரைக்கும் ஒங்க மொகம் போவும்."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கௌரவத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எபநேசர் நினைத்தார்.

அன்று சாயங்காலம் இஞ்ஞாசியம்மாள் பதினொரு கட்டை அடுக்கியிருந்தாள். கிருஷ்ணவேணி பத்து. பதினொன்று முதலிடம் என்று தெரிந்ததும் மறுநாள் இஞ்ஞாசியம்மாள் ஒன்பதில் நிறுத்திக்கொண்டாள். அதைப் பார்த்துக் கிருஷ்ணவேணி எட்டரைக்கு வந்தாள். ஒருத்தி கையை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்தபடி இருபத்திரண்டு பேரும் மும்முரமாக மெதுவாக வேலை செய்தார்கள். பந்தயம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. சனிக்கிழமை வந்தபோது ஏழில் நின்றது.

எபநேசர் இஞ்ஞாசியம்மாளைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன்மா, கைவலியா?"

"வலியெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க தப்பா நெனைக்கப்படாது. எம் மூஞ்சிய எவன் எவனோ சட்டைப்பையில வச்சிட்டு அலைவான். பீடியப் பத்த வச்சிட்டு ரோட்டுல எறிவான். மேல பஸ்ஸு ஏறும். இதுக்கா நான் காலையில கழுகுமலையில பஸ்ஸு ஏறி வாரேன்?"

எபநேசர் அவளைத் திரும்பப் போய் உட்காரச் சொன்னார். சொன்னது நியாயம் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை அறிவிப்பைத் திருப்பிப் போட்டார். இன்று முதல் அடுத்த வாரச் சனிக்கிழமை வரை, பன்னிரண்டு நாளில், யார் ஆகக் குறைவாக அடுக்குகிறார்களோ, அவர்கள் படம்தான் லேபிளில். மறுநாளே சிவகாசி அச்சாபீசுக்குப் போய்விடும்.

அன்றைக்கு ஆபீசில் தும்மல் சத்தம்கூடக் கேட்கவில்லை. குச்சிச் சத்தம்தான். கூட்டத்தில் கேட்ட முதல் விஷயம் கெட்டுப்போனதே, இரண்டாவதையாவது விடக்கூடாது என்று எபநேசரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் ஒன்றரைக் கட்டை அடுக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது; அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அடுக்கியவர் பேரெல்லாம் கட்டைக் கணக்கு எழுதுகிற போர்டில் ஏற வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். இருபத்துமூன்றாவது பேராக, சாக்பீஸால், கொஞ்சம் பெருமையோடேயே எழுதிவைத்தார்.

நாலாம் நாள்தான் அவருக்கு முத்துத்தாய் ஞாபகம் வந்தது. புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். வயிற்றில் ஏழு மாதம். குனிந்து அடுக்க முடியாமல் அடிக்கடி எழுந்து நிற்பாள். போட்டி என்று வைத்தால் கடைசியில் நிற்கப்போகிறவள் அவள்தான். இதை யோசிக்காமல் வாயை விட்டோமே என்று எபநேசருக்கு வெட்கமாக இருந்தது. அறிவிப்பை வாபஸ் வாங்கினால் மறுபடி ஏழுக்குப் போய்விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. வெட்கமும் பயமும் மல்லுக்கட்டியதில் பயம் ஜெயித்தது. பேசாமல் இருந்துவிட்டார்.

கெடு முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் போர்டைக் கூட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் கூட்டினார். இருபத்திரண்டு பேரும் ஒரே எண்ணிக்கை, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஆளுக்கு நாளொன்றுக்குச் சரியாகப் பதினாறு. முத்துத்தாயும் அதே.

"இதெப்படி?" என்றார்.

"அவ அடுக்குனா, நாங்களும் அடுக்குனோம்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "கட்டையில பேரா எழுதியிருக்கு?"

எபநேசர் போர்டிலிருந்து திரும்பினார். அவர் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்திருந்தார்கள். "சரி, அப்ப கடைசின்னு ஆரும் இல்ல. பழைய புறாவையே..."

"இருக்காவளே" என்றாள் கிருஷ்ணவேணி.

எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். எபநேசரும் பார்த்தார். எபநேசர், ஒன்றரை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு இரவல் வாங்கிப் படம் எடுத்தார்கள். சிவகாசிக்காரர்கள் கன்னத்துக்கு ரோஸும் உதட்டுக்குச் சிவப்பும் தாராளமாகப் பூசினார்கள். சரக்கு சொன்ன நாளில் ரயில் ஏறியது. கொல்லத்திலிருந்து பதில் வந்தது: படம் எடுப்பாக இருக்கிறது, எந்த நாடகக்காரர் என்று கடையில் கேட்கிறார்கள், அடுத்த மாதமும் அனுப்பவும்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எபநேசர் நேராக விறகுக்கடைக்குப் போனார். இனி ஸ்டூல் தேவைப்படாது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு. வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

தேவஆசீர்வாதம் தராசுக்குப் பக்கத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆடவில்லை.

"வாங்க மாப்ள. ஒங்க பெட்டி ரொம்ப உபகாரம். உள்ள மரத்தூள அடைச்சு வச்சேன், அசையவே மாட்டேங்குது."

எபநேசர் குனிந்து பார்த்தார். குட்டைக் காலுக்கு அடியில், ரோஸ் கன்னத்தோடு, அவர்தான் இருந்தார்.