நுரை வராத பாட்டில்

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடையில் கிடைத்தது. தலைவலி மாத்திரைக்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் முகம் கழுவுகிற பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து, திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, வாயோரம் தோல் உரிந்திருந்தது. கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த லேபிளை உரிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டாள். நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

ஃபேஸ்வாஷ் வாங்குவதில் என்னய்யா கதை என்பீர்கள். நியாயம்தான். லேபிளை எதற்கு உரிக்கச் சொன்னாள் என்பது மட்டும் புரியாமல் போனதால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை கண்ணாடியில் அவள் பார்த்தது தன் முகத்தை அல்ல, தன்" — வேண்டாம். கண்ணாடி முன் நின்று தன்னைத் தேடுகிற பெண்கள் கதைகளில் ஏற்கெனவே ஏராளம்.

இரண்டாவது: "ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த" — இது கதையா, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாளா?

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வந்தவர் முகத்தில் ஃபிரேமை மாட்டி, காதோரம் சரிசெய்து, "மூக்குல உறுத்துதா?" என்று கேட்பது அவள் வேலை. ஒரு சாண் தூரத்தில் நாள் முழுக்க அடுத்தவர் முகம். அவர்களுக்கு இவள் முகம். அந்த முகத்தில் பருக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. தோல் டாக்டர் ரெட்டினாய்டு க்ரீம் எழுதிக் கொடுத்தார்.

"முதல்ல கொஞ்சம் உரியும், எரியும். பயப்படாதீங்க. ராத்திரி ஒரு பட்டாணி அளவு போதும். ஆனா முகத்துக்கு சோப்பு மட்டும் கூடவே கூடாது. அதுவும் இதுவும் சேர்ந்தா தோல் தாங்காது."

இவளுக்குக் க்ரீமைப் பற்றிப் பயமில்லை. சோப்பு என்ற சொல்லைக் கேட்டதும்தான் பயம் வந்தது.

3

ஏனென்றால் வீட்டில் அண்ணி சோப்பு செய்கிறாள்.

அண்ணனுக்குக் கப்பல் வேலை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணி வேலை பார்த்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பாள், வரமாட்டாள். நாத்தனார் பயந்துபோனாள். அப்படிக் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்தது ஒரு சட்டி எண்ணெயும் ஒரு டப்பா காஸ்டிக் சோடாவும்தான். இப்போது சமையலறை மேல்தட்டு முழுக்க சோப்புக்கட்டிகள் வரிசையாகக் காய்கின்றன. காய்ந்த கட்டியை அண்ணி நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். சுருக்கென்றால் சோடா மிச்சம் இருக்கிறது, இன்னும் காயட்டும். சுருக்கென்று இல்லாவிட்டால், "இந்தா லென்ஸம்மா" என்று முதல் கட்டி நாத்தனாருக்கு. பெரிய கடை ஒன்றுகூடச் சரக்கு கேட்டிருக்கிறது.

(சோப்பைப் போய் யாராவது நக்குவார்களா என்று கேட்காதீர்கள். வீட்டில் சோப்பு செய்கிறவர்களைக் கேளுங்கள்.)

வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொல்வது ஒன்றுதான்: "வேற விளம்பரம் எதுக்கு? எங்க நாத்தனார் முகத்தைப் பாருங்க!"

அந்த முகத்தில்தான் இப்போது தோல் உரிகிறது.

4

மருந்துக்கடைக் காட்சி. பாட்டில்கள் எல்லாம் ஏதோ சண்டைக்குப் போவதுபோல் பேசின: ஆழமாகச் சுத்தம் செய்யும், எண்ணெயை விரட்டும், இறந்த செல்லை உரித்தெடுக்கும். இவள் தோல் ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கிறது. மேற்கொண்டு உரிக்க ஆள் தேவையில்லை.

"க்ரீம் போடறீங்களா?" என்றார் கடைக்காரர். "அப்போ குருணை இருக்கிறது வேண்டாம், ஆசிட் போட்டது வேண்டாம், வாசனையும் வேண்டாம். இந்தப் பால் மாதிரி இருக்கிறதை எடுங்க. நுரையே வராது."

"நுரை வராம அழுக்கு எப்படிங்க போகும்?"

"போகும். கழுவின பிறகு முகம் இழுத்துப் பிடிக்கலேன்னா சரியான சாமான்னு அர்த்தம். தேய்க்காதீங்க. ஒத்தி எடுங்க."

வாங்கினாள். லேபிளை உரித்துத் தரச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த லென்ஸ் துடைக்கிற திரவத்தின் காலி பாட்டிலில் அதை ஊற்றிக் குளியலறையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் வீட்டில் அந்த பாட்டிலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அண்ணியின் சோப்பைத் தினமும் தண்ணீரில் நனைத்து, தேய்ந்ததுபோல் காட்டி வைத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற கிறுக்குத்தனத்துக்குத்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம் தேவைப்படுகிறது.

5

இங்கே எனக்கு அண்ணி மேல் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். கொஞ்சம் பொல்லாதவளாக்கிப் பார்த்தேன்: "என் சோப்பு பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன, மகாராணிக்கு?" என்று கத்த வைத்தேன். எழுதியதை அடித்துவிட்டேன். அவள் கத்துகிறவளாக இருந்திருந்தால் இவள் ஒளித்தே இருக்க மாட்டாள். கத்தாமல் போய்ப் படுத்துக்கொள்கிறவளிடம்தான் பயம்.

அண்ணி உண்மையில் செய்தது வேறு. நாத்தனார் முகம் சிவந்ததைப் பார்த்தாள், கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, வெயில்."

அண்ணி நம்பவில்லை. தன் சோப்புதான் காரணம் என்று முடிவுகட்டினாள். எண்ணெயைக் கூட்டினாள், சோடாவைக் குறைத்தாள். முகம் ஆறவில்லை, க்ரீம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு மாலை அண்ணி மேல்தட்டில் இருந்த கட்டிகளை மொத்தமாகக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள்.

"பெரிய கடையிலிருந்து சரக்கு கேட்டாங்க இல்ல, நாளைக்குக் காலைல கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடப் போறேன், லென்ஸம்மா. வீட்டு ஆளு முகத்தையே கெடுத்தவ ஊரு முகத்தையெல்லாம் கெடுக்கணுமா?"

சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். கட்டில் கிறீச்சிட்டது. ஆபீஸை மூடிய மாதம் இவள் கேட்டுக்கொண்டே இருந்த அதே சத்தம்.

6

இவள் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னாளா? நான் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அவள் கதவு வரை போய்த் திரும்பிவிட்டாள். எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

காரியத்தை முடித்தது அண்ணிதான். விடிந்ததும் அந்தப் பெரிய கடைக்குப் போன் பண்ண நம்பரைத் தேடினாள். அவள் மூக்குக்கண்ணாடி அழுக்காக இருந்தது. குளியலறைக்குப் போய் அந்த பாட்டிலை எடுத்து, லென்ஸ் இரண்டிலும் பீய்ச்சித் துடைத்து மாட்டினாள். உலகமே பாலாகிவிட்டது. இன்னும் துடைத்தாள், இன்னும் மங்கியது. பாட்டிலைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு விட்டு, பழக்கதோஷத்தில் நாக்கு நுனியில் வைத்தாள்.

சுருக்கென்று இல்லை.

தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நுரையும் இல்லை.

"லென்ஸம்மா," என்று கூப்பிட்டாள். "இது கண்ணாடிக்கு இல்ல. முகத்துக்கு. இல்லையா?"

"ஆமா அண்ணி."

அண்ணி பக்கத்திலிருந்த தன் சோப்புக்கட்டியைத் தடவிப் பார்த்தாள்: ஈரம் இருந்தது, தேய்த்த தடம் இல்லை.

"எத்தனை நாளா என் சோப்பைத் தண்ணில நனைச்சு ஏமாத்தற?"

கோபம் இல்லை குரலில். அதுதான் பயமாக இருந்தது. போன் இன்னொரு கையில் இருந்தது.

7

முடிவுகள்.

ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (உங்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

இரண்டு: அண்ணி நுரை வராத திரவம் செய்யக் கற்றுப் பெரிய ஆளாகிறாள். (இது அண்ணியின் கதை, கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை.)

மூன்று: அவள் அண்ணியின் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். காதோரம் படாமல், இரண்டு கையாலும், கடையில் கழற்றுகிற மாதிரியே. கழுவித் துணியால் துடைக்கிறாள். கண்ணாடி இல்லாத அண்ணிக்கு எதிரே இருப்பது ஒரு சிவந்த வட்டம் மட்டும். அந்தத் தைரியத்தில் சொல்ல அவளிடம் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. இரண்டும் உண்மை.

"உங்க சோப்பு நல்ல சோப்பு, அண்ணி. முகம் உரியறது நான் போடற மருந்தால."

"உங்க சோப்பு என் முகத்துக்கு இப்போ ஆகாது."

மூன்றையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எதை முதலில் சொல்வது? கடைசியில் கேட்டதுதான் மனதில் தங்கும். நல்ல சோப்பு என்பதைக் கடைசியில் கேட்டால் அண்ணி குப்பைப் பையைப் பிரிப்பாள். ஆகாது என்பதைக் கேட்டால் போன் பண்ணிவிட்டுக் கட்டிலுக்குப் போவாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் நல்லது. லென்ஸ் காய்ந்துவிட்டது, அண்ணி கையை நீட்டிவிட்டாள்.