வீட்டுக்காரரின் எச்சில்

எச்சிலில் உள்ள கிருமிகளை வைத்து, ஒருவருக்குப் புற்றுநோய் உண்டா, உண்டென்றால் எந்த வகை என்று சொல்ல ஒரு கணினி நிரலைப் பழக்கிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. எங்கள் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தத் தலைக்கனத்தில் வீட்டுக்காரரின் எச்சிலைக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் வேலைக்கு அவர் செய்யும் முதல் உதவி, தாராளமாகவே துப்பினார். ஆய்வுக்கூடத்தில் மீந்திருந்த ஒரு பெட்டி ரசாயனத்தில் கிருமிகளின் மரபணுவைப் பிரித்து நிரலிடம் கொடுத்தேன். கணையப் புற்றுநோய் என்றது.

வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் குழம்பில் உப்பில்லை என்று அவர் முணுமுணுத்தபோது, வேறு செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை, தட்டை நகர்த்திவைத்துவிட்டார். துருவித் துருவிக் கேட்டு உண்மையைக் கறந்துவிட்டார். உடனே அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கி, நான் படித்த படிப்பையே பிடிபிடியென்று பிடித்தார். ஸ்கேனுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டுக்காரர், கணையம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில் அந்த ரசாயனப் பெட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கணையப் புற்றுநோயாளிகளின் எச்சிலை மட்டும்தான் அதில் பிரித்திருந்தோம், மற்றவர்களுக்கெல்லாம் வேறு பெட்டிகள். ரசாயனத்திலேயே கிருமி இருந்தால், நிரல் நோயை விட்டுவிட்டுப் பெட்டியை அல்லவா அடையாளம் கண்டிருக்கும்? எச்சிலுக்குப் பதில் வெறும் தண்ணீரை அதே ரசாயனத்தில் போட்டால் தெரிந்துவிடும். தண்ணீருக்கும் அதே நோய் என்றால், இவருக்குச் சொன்னதற்கு அர்த்தமில்லை. என் வேலைக்கும்தான்.

பேராசிரியர் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தார். தண்ணீர் நோயில்லாமல் தேற வேண்டுமே என்பது அவர் கவலை. என் உழைப்பு நாசமாய்ப் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

தண்ணீருக்குக் கணையப் புற்றுநோய். இவருக்குச் சொன்னதைவிட உறுதியாகவே சொன்னது.

பேராசிரியர் நாற்காலியில் சரிந்தார். நான் தேம்பி அழுதேன். வருத்தப்படாதேம்மா, முதலிலிருந்து தொடங்கலாம் என்று தேற்றினார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அந்த நல்ல மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"அது சொன்னதுக்கு அர்த்தமே இல்லைங்க. நான் செஞ்சதெல்லாம் தப்பு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன்," என்றார். "அக்கா முன்னாடி இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.