சார்லஸ் வீட்டுக் கிளை

கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயலில் எங்கள் வீட்டுத் தைலமரத்துக்குத் தலை போயிற்று. போன தலைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு கிளையை வளர்த்து, மொத்தப் பாரத்தையும் அதன் மேலேயே ஏற்றிவிட்டது மரம். இப்போது அது பக்கத்து வீட்டு சார்லஸின் மாடியை நோக்கி, சிதம்பரம் பஸ் படியில் தொங்கும் கல்லூரிப் பையனைப் போலச் சாய்ந்து நிற்கிறது. நேர் கீழே அவருடைய தண்ணீர் டேங்க்.

அதை வெட்டியாக வேண்டும் என்று வீட்டில் நச்சரித்தவளே நான்தான். விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காரர்களுக்குக் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் முறை, சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆடிக் காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழை பிடிக்கும் முன்பு, புரட்டாசியில் வெட்டினால் காயம் ஆற நாள் கிடைக்கும்; புயல் பிடித்து ஆட்டப் பாரமும் இருக்காது. உச்சியில் மெலிசாக ஒரு கிளை நேராக வந்துகொண்டிருக்கிறது, பாரம் போனால் அது நிமிரும். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பாகவே எடுத்தேன்.

புரட்டாசி வந்தது. எனக்கு நாள் தள்ளிப்போனது.

யாரிடமும் சொல்லவில்லை. போன முறை என் கணவர் சேரன் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். பத்தாவது வாரத்தில் ஒன்றும் இல்லை என்று ஆனபோது, இனிப்பு வாங்கிய அத்தனை வீட்டிலிருந்தும் ஆறுதல் சொல்ல ஆள் வந்தது, வாங்கியதைத் திருப்பித் தருவது போல. இந்த முறை அது தங்கும்வரை சொல்லவே கூடாது என்று இருந்தேன்.

ஆனால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பார்கள். நான் நம்புகிறவள் இல்லை. என்ன, நம்பாமல் இருக்கத் தைரியமும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அது அந்த மாதம் என்னிடம் கையிருப்பில் இல்லை.

"நாளைக்கு மரம் வெட்டுற கொளஞ்சி மெஷின் ரம்பத்தோட வரேன்னுட்டான்" என்றார் சேரன்.

"இப்ப வேணாம். பூ விட்டிருக்கு. தேனீ வருது."

என் மாமியார் மங்கலம் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "பூவா? எங்க?"

"மொட்டு அத்தை."

அடுத்த வாரம், வெயில் ஜாஸ்தி, பட்டை வெடித்துவிடும் என்றேன். அதற்கடுத்த வாரம் கையில் சரக்கு தீர்ந்துபோய் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டேன். "அந்த ஊர்ல குளிர்காலம் முடியறப்பதான் வெட்டுறாங்க."

"கடலூர்ல குளிர்காலம் எப்ப முடியுது?" என்றார் சேரன்.

"ஆரம்பிச்சாத்தானடா முடியும்?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியில் வங்கக் கடலில் சுழி ஒன்றைக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். மதில் மேல் சார்லஸின் தலை எழும்பியது. "சேரன் மச்சான், டேங்க் ஒடைஞ்சிதுன்னா நாங்க நாலு பேரும் ஒங்க வீட்லதான் குளிப்போம். சோப்பும் ஒங்களுதுதான்."

அன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. நான் இரண்டு தடவை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அத்தை அடுப்பை அணைத்தார், கையைத் துடைத்துக்கொண்டு நேராக மதிலுக்குப் போனார்.

"தம்பி சார்லஸு, ஒங்க மாடிக்கு மேல நிக்குதே, அந்தக் கெளை யாருது?"

"ஒங்களுதுதாம்மா. குப்பை மட்டும் எனக்கு."

"இன்னையிலேருந்து கெளையும் ஒங்களுது. ஒங்க ஆள வச்சி, ஒங்க மாடியிலேருந்து ஏணி போட்டு வெட்டிக்கிங்க. எங்க வீட்ல யாரும் வெட்டல. வெட்டச் சொல்லவும் இல்ல."

சார்லஸ் பயந்துவிட்டார். "என்னாம்மா, சோப்பு கேட்டதுக்குக் கோவமா?"

"கோவமில்ல தம்பி. தானம்."

மறுநாள் சேரன் வேலைக்குப் போன பிறகு கொளஞ்சி சார்லஸ் வீட்டு வாசல் வழியாக வந்தான். என்னைச் சமையலறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார் அத்தை. "திரும்பாத. தூள் கண்ணுல விழும்" என்றார். மரம் முப்பதடிக்கு அப்பால் இருந்தது. அவர் ஜன்னலில் நின்று நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கயிறு கட்டினான், ஏணியில் ஏறினான், மேலேருந்து ரம்பத்த வக்கிறான்...

என்னால் முடியவில்லை. "அய்யோ, மேலேருந்து வேணாம் அத்தை! மொதல்ல அடிப்பக்கம் கால்வாசி வெட்டணும். அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலேருந்து. இல்லன்னா கெளை முறியறப்ப பட்டை தண்டு வரைக்கும் கிழிஞ்சிடும்!"

அத்தை வெளியே குரல் கொடுத்தார். "தம்பி, யாரும் சொல்லல. ஆனா மொதல்ல அடியில வெட்டணுமாம்!"

கிளை கயிற்றில் தொங்கி இறங்கும் முறுமுறுப்பு கேட்டது. டேங்க் உடையும் சத்தம் வரவில்லை. வீடு முழுக்கத் தைல வாசனை.

"மிச்சக் கட்டையத் தண்டோட ஒட்ட வழிக்கக் கூடாது. சேருற எடத்துல மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அத விட்டுட்டு வெட்டணும். அதுலதான் காயம் மூடும்."

"யாரும் சொல்லல தம்பி! மோதிரத்த விட்டுடணுமாம்!"

ரம்பம் மறுபடி உறுமியது. அத்தை ஜன்னலை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் பேசினால் பேசியதாகவே ஆகாது என்று தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததன் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அத்தை, எனக்கு நாள் தள்ளியிருக்கு. பயமா இருக்கு."

ரம்பம் நின்றது. அத்தை என் தலையில் ஒட்டியிருந்த ஏதோ தூளைத் தட்டிவிட்டார். தூள் அங்கே வந்திருக்க வழியே இல்லை.

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். "கார்த்திகை தீபம் முடிஞ்சதும் மறுபடி சொல்லு. அன்னைக்கி நல்லா கேக்கும்."

தீபத்துக்குள் பத்தாவது வாரம் தாண்டியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்ப முயன்றேன்; அவர் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ராத்திரி சேரன்கிட்ட சொல்லிடு. மைசூர்பாகு வாங்கினா கால ஒடச்சிடுவேன்னு நான் சொன்னதாவும் சொல்லு."

"எதுக்குன்னு அவரு ஒங்கள வந்து கேட்டா?"

"எனக்கு என்னாம்மா தெரியும்? எனக்குத்தான் ஒண்ணும் கேக்கலியே."