முட்டைக்கு முதல் படி

ஆதிலட்சுமியின் முதுகு போனது முட்டை இறக்கும்போதுதான். அன்றைக்கு லாரியோடு வர வேண்டிய ஆள் வரவில்லை. கணவன் தமிழரசன் கூப்பிட்டதால் அவளும் முட்டை ட்ரேக்களை மார்போடு அணைத்துக்கொண்டு லாரிக்கும் கிடங்குக்கும் நடந்தாள். மழை ஈரத்தில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தமிழரசன் ஓடி வந்தான். வந்தவன் உடையாமல் தப்பிய ட்ரேயை முதலில் எடுத்து ஓரமாக வைத்தான், அப்புறம் அவளைத் தூக்கினான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்த கணத்தில் அவளும் முட்டையைத்தான் பார்த்தாள்.

காஞ்சிபுரத்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் டிஸ்க் ஒன்று பிதுங்கியிருக்கிறது, வாரம் ஒருமுறை வந்து முதுகை இழுத்துக் கட்டும் வைத்தியம் செய்துகொண்டால் ஆபரேஷன் இல்லாமலே தேறலாம் என்றார். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமாக உடம்பு குலுங்கக் கூடாது.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். நின்றால் அவளுக்கு இடது காலில் கரண்டு பாய்ந்தது போல இழுக்கும்.

"பஸ்ஸு எதுக்கு? நான் கீறேன் இல்ல, வண்டியில இட்டுனு போறேன்" என்றான் தமிழரசன். சொன்னபடியே செய்தான். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. அரை நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். தெருவே அவனை மெச்சியது.

அந்தப் பயணம்தான் அவளைக் கொன்றது. ஸ்கூட்டரின் பின்பக்கத்துக்கு முந்தின வருஷம்தான் புது ஷாக் அப்சார்பர் போட்டிருந்தார்கள். சாலவாக்கம் பக்கத்துக் கிராமத்துக் கடைகளுக்கு அவன் முட்டை கொண்டுபோகும்போது வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போகும், ஒரு முட்டை விரிசல் விடாது. ஆனால் அவள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அப்படியே அமுங்கிவிடும். திருப்புலிவனம் தாண்டினால் ரோடு பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் இரும்போடு இரும்பு மோதும். அந்த இடி சீட்டு வழியாக ஏறி அவள் இடுப்பில் வந்து நிற்கும். வரப்போகும் பள்ளத்தை அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தயாராவாள். மாகறல் வருவதற்குள் தாடை வலித்துவிடும்.

இரண்டாவது மாதம் கேட்டாள். "ஏங்க, பின்னால ரொம்ப இடிக்குது. மெக்கானிக் பாய் கிட்ட ஒருவாட்டி காட்டுங்களேன்."

"அது முட்டைக்கோசரம் மெத்துனு செட் பண்ணி கீது. அத்தப் போயி வாரா வாரம் மாத்திக்கினு இருந்தா ஷாக்கே பூடும். அப்புறம் அதுக்கு ஒரு பேஜாரு."

மெத்தென்று இருப்பது எப்படி இடிக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. வண்டி அவனுடையது, அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். இடுப்பின் கீழ் தலையணையை மடித்து வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கமாக உட்காராமல், வெட்கத்தை விட்டு ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டுப் பார்த்தாள். எட்டு மாதம் போயிற்று. இடது காலின் கட்டை விரல் முதலில் மரத்தது, பிறகு பாதம். ஒருநாள் செருப்பு கழன்று போனது தெரியாமல் கடைவரை நடந்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் அவள் பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, இனி ஆபரேஷன்தான், தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். திரும்பும் வழியில் உத்திரமேரூர் வந்ததும் காற்றடிக்க நசுருதீனின் மெக்கானிக் கடையில் தமிழரசன் வண்டியை நிறுத்தினான். எதிர்சாரி ஓட்டல்காரர் கைதட்டிக் கூப்பிட்டார், நாளைக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று கேட்டுவர ரோட்டைக் கடந்து போனான்.

நசுருதீன் ஐம்பதைத் தாண்டியவர். அவள் நிற்கும் கோணலைப் பார்த்து ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பாய், இந்த ஷாக்க அடிக்கடி மாத்துனா கெட்டுப் பூடுமா?"

"யாரும்மா சொன்னது? மாத்தறதுக்குத்தானே அதுல படி வெச்சு கீது." அவர் குனிந்து, பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கின் அடியில் இருந்த பல் வெட்டிய வளையத்தைக் காட்டினார். "அஞ்சு படி. இப்ப முதல் படியில கீது, முட்டைக்கு அதான் கரெக்ட்டு. ரெண்டு ஆளு குந்துனா மூணாவது படிக்கு ஏத்தணும். இல்லாங்காட்டி ஸ்பிரிங்கு பூராவும் அமுங்கி அடியில போயி மோதும். ஹாண்டில் வேற லேசாயி ஆடும். மோதற அடியெல்லாம் பின்னால குந்தினு இருக்கறவங்களுக்குத்தான்."

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? மாட்டன அன்னிக்கே காட்டிக் குடுத்தேன். அத்தத் திருப்பற கொக்கிச் சாவி கூட டிக்கியிலயே கீது. ரெண்டு நிமிசம் ஆவாது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார், கள்ளமில்லாமல்: "போன மாசம் அந்தக் கோயிப்பண்ணை மேனேஜரு வந்தாரே, அவர ஏத்தினு போறப்ப இங்கதான் நிறுத்தி, உன் வூட்டுக்காரரே நாலாவது படிக்கு வெச்சினு போனாரு. கனத்த மனுசன் இல்லியா."

ஆதிலட்சுமி எதிர்சாரியைப் பார்த்தாள். தமிழரசன் ஓட்டல்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் காட்டுங்க பாய்."

"நீ குனியக் கூடாதே தங்கச்சி."

"குந்திக்கறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்து, டிக்கியிலிருந்து எடுத்த கொக்கிச் சாவியை வளையத்தின் பல்லில் மாட்டினாள். இழுத்தாள். வளையம் கடக்கென்று ஒரு படி ஏறியது. இன்னொரு முறை, இன்னொரு கடக். அவ்வளவுதான். எட்டு மாதம் முப்பது வெள்ளிக்கிழமைகளுக்கு மேல் பல்லைக் கடித்தது இந்த இரண்டு இழுப்பு இல்லாமல் போனதால்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் முழுக்கக் கசந்தது.

தமிழரசன் வந்து வண்டியை எடுத்தான். ஏரிக்கரைப் பக்கம் இருந்தது வீடு. வழக்கமாக இடிக்கும் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. அவள் உடம்பு தானாக இறுகிக்கொண்டது. இடி வரவில்லை. வண்டி ஒருமுறை எழும்பி அமர்ந்து, நேராகப் போயிற்று.

"இன்னாது, வண்டி ஒரு மாதிரி கீது? ஹாண்டில் அசையாம நிக்குது."

"நான்தான் ஏத்தி வெச்சேன். மூணாவது படிக்கு."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். "ஒரு வார்த்த கேக்காம எதுக்கு அதுல கை வெக்கற? காலைல முட்டையோட போவணும்."

"மேனேஜருக்கு ஏத்தினீங்களாமே."

அவன் முன்னால் ரோட்டைப் பார்த்தான். திரும்பவில்லை.

"அவரு வேற, ஆதி. அவரு மனசு கோணி சரக்க நிறுத்திட்டா நம்ம பொயப்பு இன்னா ஆவறது?"

"நான் எத்த நிறுத்தட்டும், சொல்லுங்க."

"இதெல்லாம் ஒரு பேச்சா? வேணும்னேவா பண்ணேன்? மறந்து பூடுது. ஏத்துனா திரும்ப எறக்கணும். காலைல அஞ்சு மணிக்கு எனக்கு இருக்கற அவசரத்துல..."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். அவளுக்காக இரண்டு நிமிஷம் குனிய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் அவள் டாக்டரிடம் கேட்டாள், வண்டியில் குலுங்கினதால்தான் இப்படி ஆயிற்றா என்று. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். வலி குறைந்தது. பாதத்தில் உணர்வு மட்டும் திரும்பவில்லை. இடது காலைக் கொஞ்சம் வீசித்தான் நடக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று தமிழரசன் ஸ்கூட்டரோடு வாசலில் நின்றான். சீட்டின் மேல் புது ஸ்பாஞ்சு கட்டியிருந்தான். "மூணாவது படி வெச்சு கீறேன். பாய் கிட்ட கேட்டுக் கேட்டுப் பண்ணேன். ஏறி குந்திப் பாரு" என்றான். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

ஆதிலட்சுமி அவனைத் தாண்டி, தங்கை மலர்க்கொடி பிடித்து வைத்திருந்த ஆட்டோவில் ஏறினாள். சாலவாக்கத்தில் தங்கை வீட்டில் இருபத்திரண்டு நாள் இருந்தாள். மகள் திவ்யாவுக்கு முழுப் பரீட்சை வந்தது, சமைத்துப் போட ஆள் இல்லை என்று சேதி வந்தது. போனாள்.

அதன் பிறகு அவள் எங்கே போனாலும் பஸ்தான். அவன் கூப்பிடாத நாள் இல்லை. முட்டை போடும் கடைகளில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "என் சம்சாரத்துக்கோசரம் வண்டிய மாத்தி மாத்தி செட் பண்றேன், அது குந்த மாட்டேங்குது." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அடுத்த வீட்டு ஆண்டாளம்மாள் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள். "அம்மாந் தங்கமான மனுசன் வண்டிய வெச்சினு வாசல்ல நிக்கறான். நீ இந்தக் கால இய்த்துக்கினு பஸ்ஸுக்கு நிக்கற. இன்னாடி வீம்பு உனுக்கு?"

சொல்ல ஆரம்பித்தால் எங்கே ஆரம்பிப்பது? ஷாக் அப்சார்பரில் ஐந்து படி உண்டு என்றா? இதற்காக ஒருத்தி புருஷனைக் கரிப்பாளா என்று இந்த அம்மாளே சிரிப்பாள்.

"வீம்புதான்க்கா" என்றாள் ஆதிலட்சுமி.

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்தாள். இடது காலைக் கையால் தூக்கி மேலே வைக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பொறுமையில்லாமல் பார்த்தான்.