விரிக்காத சுங்கடி

என் அண்ணன் பாரூக்குக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. பேகம்பூர் சாக்கடைகளில் அவன் விழாத சாக்கடை குறைவு. அப்படிப்பட்டவன் விமானம் ஓட்டக் கற்கப் போகிறேன் என்றபோது நான் சிரித்த சிரிப்புக்கு அம்மா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். மதுரைப் பக்கத்தில் நாலைந்து பணக்காரர்கள் சேர்ந்து அப்போது ஒரு பிளையிங் கிளப் நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றுதான் அதன் மொத்தச் சொத்து. எங்கள் அத்தா அக்பர் அலிக்குத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது, பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்கிற பழக்கம்தான் இல்லை. மகன் தனியாகப் பறக்கத் தொடங்கியதும் கடைவீதியில் அத்தாவின் நடையே மாறிப்போனது.

அவன் பறப்பதைப் பார்க்க ஆண்கள் பஸ் ஏறி மதுரைக்குப் போனார்கள். அம்மாவும் மதினியும் நானும் வீட்டில் கிடந்தோம். கிளப் மைதானத்தில் வேற்று ஆண்கள் நடுவே எங்கள் வீட்டுப் பெண்கள் போய் நிற்பது நடக்காத காரியம். அதனால் அண்ணனே எங்களைத் தேடி வந்தான். மொட்டை மாடிக்கு மேலே, விமானத்தோடு.

மதினி நஜ்முன்னிசாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அடுத்தது வயிற்றில் ஆறு மாதம். அண்ணன் வாரம் முழுக்க மதுரையில் தங்கிவிடுவான். அவன் பயந்த சுபாவம் கொண்டவன் இல்லை, ஆனால் மதினி உடம்பு விஷயத்தில் மட்டும் கோழை. அதற்காக இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மதினிக்குச் சுகம் என்றால், சின்னாளபட்டியில் எடுத்த சிவப்புச் சுங்கடிச் சேலையை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைக்க வேண்டும். அவன் மேலிருந்து பார்த்து, இறக்கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவான். விமானம் போன பிறகும் மதினி செத்த நேரம் அங்கேயே நிற்பாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

முதலில் உயரத்திலேயே போனவன் வரவர இறங்கத் தொடங்கினான். ஒரு நாள் தோல் ஷாப்பின் கூரையை உரசுகிற மாதிரி போனான். அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போன ஆடுகள் சிதறி ஓட, ஆட்டு வியாபாரி மலைச்சாமி எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார். "உங்க புள்ள என் தலப்பாவைத் தட்டிட்டுப் போறாரும்மா! ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளு என்னமாச்சும் ஆகப்போகுது, சொல்லிட்டேன்!"

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி பிறந்து மேல்காற்று வேறு பேய்போல அடித்தது. அண்ணன் வருகிற நாளன்று காலையில் மதினி செங்கல்லைத் தேடியபோது அம்மா சேலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு விரிக்காத நஜ்மு. இதைப் பாத்துத்தான அம்புட்டுத் தாழ இறங்குறான். இது இல்லாட்டி மேலயே போயிருவான்."

"எனக்குச் சொகமில்லைன்னு நெனைப்பாரே மாமி."

"நெனைச்சா நெனைக்கட்டும். சாயங்காலம் ஷாப்புலயிருந்து போன் போட்டுச் சொல்லச் சொல்றேன்."

 அம்மா அந்தச் சேலையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் வந்தது. நாங்கள் மூவரும் மாடிப்படிக் கதவுக்கு உள்ளேயே நின்றோம். ஒரு வட்டம் போட்டது. அம்மா சொன்ன மாதிரி மேலேயே போகவில்லை. இரண்டாவது வட்டம் இன்னும் கீழே. அண்ணன் தலையை வெளியே நீட்டி மாடியைத் துழாவிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மதினி "என்னைத் தேடுறாரு" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினாள். அதற்குள் விமானம் மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. சாய்ந்தது சாய்ந்தபடியே புரண்டு, ஷாப்புக்குப் பின்னால் இருந்த வெறுங்காட்டில் தலைகுப்புற விழுந்தது. விழுகிறவரை எஞ்சின் சத்தம் நிற்கவே இல்லை. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பிறகு புகை எழுந்தது.

எரிந்த உடம்பு என்பதால் மையத்தை எங்களுக்குக் காட்டவில்லை. மூடியபடியே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறக்கும்வரை வேற்று ஆண்கள் முன் வராமல் மதினி இத்தாவில் உட்கார்ந்தாள்.

அத்தா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பதில் கோபப்பட்டார். 'அக்பர் அலி மகன் வேடிக்கை காட்டி விழுந்து செத்தான்' என்று கடைவீதியில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எஞ்சின் நின்றதால்தான் விமானம் விழுந்தது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது, கிளப் மெக்கானிக் ராயப்பராஜ்தான் என் மகனைக் கொன்றான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார். எஞ்சின் நின்றதைக் கேட்டேன் என்று சொல்ல மலைச்சாமியையும் பிடித்துவிட்டார். மலைச்சாமிக்குத் தன் ஆட்டுத்தோலை வேறு யாரிடம் விற்பது என்ற கவலை இருந்தது.

ராயப்பராஜை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு மெல்லிய ஆட்டுத்தோல்.

"முதலாளி, இது உங்க ஷாப்புத் தோலு. பெட்ரோல் வடிகட்டுறதுக்குன்னு உங்க மகன்தான் கொண்டாந்து குடுத்தாரு. இதுல வடிகட்டாம ஒரு சொட்டு ஊத்துனதில்ல. தண்ணி இருந்தா இது மேலயே நின்னுரும். நாலு புள்ளைங்க எனக்கு. ஜெயிலுக்குப் போனா அதுக என்ன செய்யும்?"

அத்தா கதவைச் சாத்தினார். உள்ளறையில் மதினி சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

விபத்தை விசாரிக்க மெட்ராஸிலிருந்து ஆவுடையப்பன் என்ற அதிகாரி வந்தார். தளர்ந்த உடம்பு, கனத்த கண்ணாடி. முன்கூடத்தில் அத்தாவும் மலைச்சாமியும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும்.

"பழகுற விமானம் விழறதுக்குப் புதுசு புதுசாக் காரணம் கிடையாது பாய்," என்றார் அதிகாரி. "பெட்ரோல் தீர்ந்துபோகும். இல்லே அதுல தண்ணி இருக்கும். மேகத்துக்குள்ள புகுந்து வழி தெரியாம மலையில மோதுவாங்க. ஆனா நான் அதிகமாப் பாத்தது சொந்த வீட்டுக்கு மேல தாழப் பறந்து விழறதுதான். வீட்டையே பாத்துக்கிட்டு வட்டம் போட்டா வேகம் குறையறது தெரியாது. பின்னாலிருந்து காத்து தள்ளினா தரை வேகமா ஓடும், நாமதான் வேகமாப் போறோம்னு தோணும். இன்னும் இறுக்கித் திருப்புவாங்க. இறக்கை தாங்காது, விழுந்துரும். அப்பவும் எஞ்சின் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கும்."

"என் மகன் அப்பிடிப்பட்டவன் இல்லைங்க. எஞ்சின் நின்னுபோச்சு. இந்தா, சாட்சி இருக்காரு."

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, நின்னுச்சு" என்றார்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "எல்லாம் எரிஞ்சுபோச்சு. எஞ்சினைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியல. அப்ப மெக்கானிக் மேலதான் பழி வரும்."

"எஞ்சின் நிக்கலை."

குரல் மதினியுடையது. இத்தாவில் இருக்கும் பெண் வேற்று ஆண் காதில் விழும்படி பேசுவது எங்கள் வீட்டில் கேள்விப்படாத விஷயம்.  அத்தா "உள்ள போ!" என்று அதட்டினார்.

"விழுகுற வரைக்கும் சத்தம் கேட்டுச்சு," என்றாள் மதினி.  "வாராவாரம் வருவாரு. நான் சொகமா இருந்தா மாடியில சிவப்புச் சேலை விரிச்சிருப்பேன். அன்னைக்கு விரிக்கலை. அதைத் தேடித்தான் இறங்குனாரு. மெக்கானிக் மேல பாவம் போடாதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு ஏம்மா விரிக்கலை?"

என் பக்கத்தில் நின்ற அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நொறுங்குகிற பிடி. மதினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான்.

"காத்து அதிகம். பறந்துரும்னு விரிக்கலை."

அதிகாரி எழுந்து போனார். மலைச்சாமி அவர் பின்னாலேயே ஓடி, வாசலில் நின்று தான் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டார். ராயப்பராஜ் தப்பினார்.

அத்தா திரைக்கு அருகில் வந்தார். "நாலு செங்கல்லை வச்சு ஒரு சேலையை விரிக்க உனக்கு முடியலை," என்றார். "புள்ள பொறந்து இத்தா முடியட்டும். பொறவு உன் அத்தா வீட்டுக்குப் போயிரு. உன் மூஞ்சி இந்த வீட்டுல இருக்கப்படாது."

அம்மா பேசுவாள் என்று காத்திருந்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிவிடுகிறேன் என்று திரையை விலக்கப் போனேன். மதினி என் கையை இழுத்துப் பிடித்தாள்.

"வேணாம் நர்கீஸ். நான் புருஷனைத்தான் பறிகொடுத்தேன். மாமி, தான் பெத்த புள்ளையத் தானே கொன்னோம்னு நெனைச்சுக்கிட்டு எப்பிடி இருப்பாங்க? மாமாவும் அதையே சொன்னா உசுரோட இருப்பாங்களா?"

"நீங்க மட்டும்?"

அவள் திரையை இழுத்து மூடினாள்.

பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் ஜாடை. பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் மதினியின் அத்தா சித்தையன்கோட்டையிலிருந்து குதிரை வண்டியோடு வந்தார். எங்கள் அத்தா ஷாப்பைவிட்டு வீட்டுக்கு வரவில்லை, பேத்தியைப் பார்க்கவுமில்லை. மதினி எங்கள் வீட்டில் போட்ட நகை எதையும் எடுத்துக்கொள்ளாமல், குழந்தையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். அம்மா வாசல்வரைகூட வரவில்லை. நன்றிகெட்ட மனுஷி என்று மனதுக்குள் திட்டினேன். வண்டி தெருமுனை திரும்பியதும், அதை நேரிலேயே கேட்டுவிடுவது என்று அம்மாவைத் தேடினேன். அடுப்படியில் இல்லை, அறையில் இல்லை. பீரோ திறந்து கிடந்தது.

மாடிக்கு ஓடினேன். சிவப்புச் சுங்கடி முழு நீளத்துக்கு விரிந்து கிடந்தது. மூன்று மூலைகளில் செங்கல் இருந்தது. நாலாவது மூலையை அம்மா இரண்டு கைகளாலும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும்மா இது?" என்றேன். நான் திட்ட வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அம்மா மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நஜ்மு சொகமா இருக்கான்னு அவன் தெரிஞ்சுக்கிடட்டும்."

மதினி சுகமாக இல்லை. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.