எலிக்கு ஒதுக்கிய ஓரம்

டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகள் இருவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஆளுக்கொரு கேள்வி எழுதி அப்பாவிடம் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் காலையில் மேசைமேல் பதில் கிடக்கும். எழுதுபவர் அப்பாதான். அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவருடைய கடிதங்களில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் மேகங்களுக்கு மேலே தொண்ணூறு மாடி வீட்டில் குடியிருந்தார். வருடந்தோறும் பரிசு மூட்டைகளோடு ஏதேனும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்.

தாளின் இடப்பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு அவர் எதுவும் எழுதமாட்டார். அது அம்மாவின் இடம். தாத்தாவின் கணக்குப்பிள்ளையான ஓர் எலி அந்த ஓரத்தில் நின்றுகொண்டு கிழவரின் ஒவ்வொரு பெருமைக்கும் மறுப்பு எழுதும். "லிஃப்ட் கெட்டுப்போச்சாம். பொத்தானை அமுக்க மறந்துட்டு அரை நாள் உள்ள நின்னவரு சொல்றாரு, கேட்டுக்குங்க." உறையை ஒட்டுவதும் அம்மாதான், எழுதியதை அதற்கு முன் கணவருக்குக் காட்டியதே இல்லை. மூத்தவள் உரக்கப் படிக்கையில்தான் எலி என்ன சொன்னதென்று அப்பாவுக்கும் தெரியவரும். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தார் என்பதை அவர்கள் அறியவில்லை.

ஆகஸ்டில் அம்மா நோயில் இறந்துபோனாள். அந்தக் கடைசி வாரம் இளையவனை அப்பாவின் சக ஊழியரான நெட்டையன் வீட்டில் விட்டிருந்தார்கள். அவனுக்கு ஏழு வயது, பெயருக்குப் பதிலாகக் கடுகு என்றே கூப்பிடுவார்கள். திரும்பி வந்தவனிடம், "அம்மா கடவுள்கிட்ட போயிட்டா" என்றார் அப்பா. "சரி" என்றான். அதன்பிறகு கேட்கவில்லை, அழவுமில்லை. பிழைத்தோம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

இந்த டிசம்பரில் அவன் கொடுத்த காகிதத்தை, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் படித்தார்.

"தாத்தா, போன வருஷம் எலி ரெண்டு வரிதான் எழுதுச்சு. எழுத்தும் ஆடி ஆடி இருந்துச்சு. எலிக்கு உடம்பு சரியில்லையா? பொய் சொல்லாம சொல்லுங்க."

"என்னண்ணே, சாப்பாடு எறங்கலையா?" என்றபடி நெட்டையன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று வழக்கமாகச் சொல்பவர், இன்று அதைச் சொல்லவில்லை. "எலி லீவுல போயிருக்குன்னு எழுதி விடுங்க. நம்ம மேனேஜர் குடுக்காத லீவைத் தாத்தாவாவது குடுக்கட்டும்."

"லீவு முடிஞ்சா வரணுமே."

"அப்ப வேற கம்பெனில நல்ல சம்பளம்னு போயிடுச்சுன்னு எழுதுங்க."

"சொல்லாமலா போகும்?"

நெட்டையன் கையில் ஒட்டியிருந்த மசகைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நீங்களே எலியா எழுதிருங்கண்ணே. அவனுக்கென்ன தெரியப்போவுது."

அப்பா முயன்றும் பார்த்தார். ஞாயிறு பிற்பகல், கடுகு வாசலில் பந்து உதைத்துக்கொண்டிருக்கையில், தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் நான்கு குறிப்புகள் எழுதி மகளிடம் நீட்டினார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. கடிதங்களின் சூட்சுமம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"அப்பா, உங்க எலி கிண்டல் பண்ணல. பாதுகாப்பு விதி சொல்லுது."

"எங்க?"

"இதோ. 'கதவு முழுசா மூடின பிறகுதான் பொத்தானை அமுக்கணும்.' அம்மாவோட எலி இப்படியா பேசும்?"

"பேசாதுதான்."

"எலி உங்களைத் திட்டணும்ப்பா. உங்களுக்கு உங்களையே திட்டத் தெரியல."

"அப்ப நீ எழுதேன்."

அவள் தாளை மேசையில் வைத்தாள். "எழுதலாம். அவன் நம்பிருவான். அதனாலதான் வேண்டாங்கிறேன்."

"இதை ஏன் அவன் என்கிட்டயே கேக்கல?"

"உங்க மூஞ்சியைப் பாத்தா யாரு கேப்பா? தாத்தான்னா அழமாட்டாருல்ல."

மறுநாள் மோட்டார் அறையில் அவர் மீண்டும் எழுத உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர்கூட 'இறந்துட்டாங்க' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போயிட்டாங்க, தவறிட்டாங்க, விட்டுப் பிரிஞ்சிட்டாங்க என்றே எல்லாரும் சுற்றி வந்தார்கள். அவரும் அப்படியே சுற்றினார். கீழே யாரோ பொத்தானை அழுத்த, இரும்புக் கயிறுகள் நகர்ந்து நின்றன. அவர் எழுதினார்:

"அன்புள்ள கடுகுக்கு, நீ கவனித்தது சரி. போன வருடமே எலிக்கு உடம்பு சரியில்லை. அது எனக்கும் தெரியும், உன்னிடம் சொல்லவில்லை. நிறைய மருந்து கொடுத்தோம், ஒன்றும் கேட்கவில்லை. ஆகஸ்டில் எலி இறந்துவிட்டது. இனி அது வராது. லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. என்னைக் கிண்டல் செய்யத்தான் ஆளில்லை."

எழுதி முடித்த பிறகே, பழக்கதோஷத்தில் மூன்று விரல் ஓரத்தை விட்டிருப்பதைக் கண்டார். தாளை மாற்றவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் கடுகு உறையை அக்காளிடம் கொடுக்காமல் தானே பிரித்தான். தரையில் குந்தி, சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு தொடர்ந்தது. முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அப்பா அவன் அருகே தரையில் அமர்ந்தார்.

"எலி சாகறப்ப தாத்தா பக்கத்துல இருந்தாரா?" கடிதத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"இருந்தாரு."

"அது என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டே இருந்துச்சு. நான் கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

கடுகு நிமிர்ந்து பார்த்தான். அப்பா தம் பேச்சைத் திருத்திக்கொள்ளவில்லை.

"கை சூடா இருந்துச்சா?"

"மொதல்ல இருந்துச்சு."

"அக்கா இருந்தாளா?"

"இருந்தா."

"என்னை ஏன் கூப்பிடல?"

சுவரோரம் நின்ற மூத்தவள் தலை குனிந்துகொண்டாள். இந்தக் கேள்வியைக் காகிதத்தில் எழுதியிருந்தால் தாத்தாவாக இருந்து ஏதேனும் பதில் புனைந்திருக்கலாம். அவன் அப்பாவிடம் கேட்டான்.

"நீ அழுவியோன்னு பயந்துட்டேன்டா."

"அழுதிருப்பேன்" என்றான் கடுகு. சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் கோணியது. அவன் அழுதான், மூச்சுத் திணறத் திணற, அப்பாவின் முழங்காலைக் கைமுட்டியால் குத்திக் குத்தி அழுதான். அவர் தடுக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை.